பரணில் தூங்கும் சினிமா மெஷின்

கொலுப் படிகளுக்கும் பழைய டிரங்குப் பெட்டிக்கும் நடுவில், கனமான சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி சில வீட்டுப் பரண்களில் உட்கார்ந்திருக்கும். திறந்தால் வீட்டு சினிமா புரொஜெக்டர்! சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ லீவுக்கு வந்த சித்தப்பாவோ மாமாவோ ஒரு காலத்தில் கொண்டுவந்தது. கூடவே பிஸ்கட் டின்னில் நாலைந்து சின்னச் சின்ன ரீல்கள். குழந்தைகள் சும்மா இருப்பார்களா? "போட்டுக் காட்டும்மா" என்று பிடுங்கி எடுத்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். பிளக்கைச் செருகுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் மெஷினை விட, அந்த ரீலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போட்டோவுக்கு நெகடிவ் உண்டு. பிரிண்ட் கிழிந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டு சினிமாவுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது 'ரிவர்சல்' பிலிம். காமிராவுக்குள் ஓடிய அதே பிலிம்தான் கழுவப்பட்டு நம் கைக்கு வருகிறது. நெகடிவ் என்று தனியாக எதுவும் கிடையாது. பாட்டி வாசலில் கோலம் போடும் அந்த மூன்று நிமிஷம் உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான்! அதில் விழும் ஒவ்வொரு கீறலும் நிரந்தரம். அதனால் முதல் நாளே அந்த ரீலை மெஷினில் மாட்டவே கூடாது. வேண்டாத துண்டு பிலிம் ஏதாவது இருந்தால் அதை ஓட்டித்தான் மெஷினைச் சோதிக்க வேண்டும்.

ரீலில் என்ன ரகம் என்று பாருங்கள். 1932-ல் வந்தது சாதா 8 எம்.எம்.; 1965-ல் வந்தது சூப்பர் 8. இரண்டுக்கும் அகலம் ஒன்றுதான், ஆனால் ஓரத்து ஓட்டைகள் வேறு. சாதா ரகத்தில் ஓட்டை பெரிசு, இரண்டு படங்கள் சந்திக்கும் இடத்தில் இருக்கும். சூப்பர் 8-ல் சின்ன ஓட்டை, படத்தின் நடுப்பக்கத்துக்கு நேராக இருக்கும். ஒன்றுக்கான மெஷினில் மற்றதை ஓட்டினால் ஓட்டைகள் பிய்ந்துவிடும். இரண்டுக்கும் பொதுவான மெஷினாக இருந்தால் மாற்றுகிற ஸ்விட்ச் எங்கே என்று தேடிப் பிடியுங்கள். அப்புறம், ஐம்பது அடி சூப்பர் 8 ரீல், விநாடிக்கு 18 படம் என்ற வேகத்தில் ஓடினால் 3 நிமிஷம் 20 விநாடிதான் வரும். அவ்வளவுதானா என்று குழந்தைகள் முகம் சுருங்கும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனி மின்சாரம். அமெரிக்காவிலிருந்து வந்த மெஷினாக இருந்தால் 110, 120 வோல்ட் என்று அடியில் தகட்டில் போட்டிருக்கும். அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அதுவும் பல்பு, மோட்டார் இரண்டின் வாட்டையும் தாங்குகிறதாக. பழைய மெஷின்களில் பல்பு மட்டுமே 500 வாட் இருக்கும். ஷேவிங் மெஷினுக்கு விற்கும் சின்னக் கன்வர்ட்டர் இதற்கு உதவாது. ஜப்பான், ஐரோப்பிய மெஷின்கள் பலவற்றில் வோல்ட்டை மாற்றும் திருகு இருக்கும். அது எந்த எண்ணில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். வயரில் ரப்பர் வெடித்து உள்ளே செம்பு தெரிந்தால், அதை மாற்றாமல் தொடவே வேண்டாம். உள்ளே இருக்கும் கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். மூடியைக் கழற்றி வயர்களில் கை வைப்பது எலெக்ட்ரீஷியன் வேலை, நம் வேலை இல்லை.

மோட்டார் ஓடுகிறது, ரீல் நகரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி ரப்பர் பெல்ட்தான். பல வருஷம் சும்மா கிடந்த ரப்பர் ஒன்று கல்லாய் இறுகும், அல்லது பாகு காய்ச்சின மாதிரி இளகிச் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசினை மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்து எடுக்கலாம். புது பெல்ட்டுக்கு, பழசின் சுற்றளவையும் தடிமனையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழசு இளகி நீண்டுபோயிருக்கும் என்பதால், இரண்டு சக்கரங்களைச் சுற்றி நூலைப் பிடித்து அளப்பது இன்னும் சரி. பெல்ட் ரொம்ப இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, மோட்டார் திணறும். சில மெஷின்களில் பெல்ட்டுக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அது லேசில் கெடாது. வேறு சில மாடல்களில் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் வெடித்திருக்கும். மோட்டார் சுற்றும், வேறு எதுவும் அசையாது. அதற்கு அந்த ஒரு சாமானைத் தேடி வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

மோட்டார் 'உம்' என்று முனகிவிட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். பழைய கிரீஸ் உள்ளே மெழுகு மாதிரி உறைந்து போயிருக்கும். பிளக்கை எடுத்துவிட்டு, பக்கத்தில் கையால் சுற்றும் குமிழ் இருந்தால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முரண்டு பிடித்தால் பலவந்தம் வேண்டாம். ஒருவர் பிரித்துத்தான் துடைக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் நம் பெண்களுக்குத் தையல் மெஷின் அனுபவம் இருக்கிறது, அதையே இங்கும் கைக்கொள்ளலாம். தையல் மெஷின் எண்ணெய், துளை காட்டியிருக்கும் இடத்தில் ஒரு சொட்டு. ஒரே ஒரு சொட்டு! பல்சக்கரங்களுக்கு எண்ணெய் அல்ல, கிரீஸ். கைக்கு எட்டியதே என்று தேங்காயெண்ணெயை விட்டுவிடாதீர்கள், மார்கழியில் அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் ஊரில் சர்வீஸ் என்று கொடுத்த ஒரு கடையில் தாராளமாக எண்ணெயை ஊற்றித் தந்தார்கள். மெஷின் நன்றாகத்தான் ஓடியது, எண்ணெயெல்லாம் பிலிமில்! ஆகவே சர்வீஸிலிருந்து வந்ததும் வேண்டாத பிலிமை ஓட்டி, அதை வெள்ளைத் துணியில் இழுத்துப் பாருங்கள்.

படத்தின் ஓரத்தில் மயிர் மாதிரி ஆடுகிறதே, அது லென்ஸுக்குப் பின்னால் உள்ள 'கேட்' என்ற சின்ன ஜன்னலில் சேர்ந்த தூசு. பிலிமிலிருந்து உதிரும் பொடியும் அங்கேதான் படிந்து இறுகி, போகிற பிலிமையெல்லாம் கீறும். ஒவ்வொரு ரீலுக்கு முன்னாலும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இறுகியதை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் எடுக்கலாம். ஊசி, கத்தி கூடவே கூடாது. நகப்பூச்சு அழிக்கிற திரவமும் வேண்டாம். அதில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், பிலிமையும் கரைக்கும்.

பல்பு போனால் அதில் போட்டிருக்கும் எண்ணையே கொடுத்து வாங்குங்கள். வெளிச்சம் கூடட்டும் என்று அதிக வாட் போட ஆசைப்படாதீர்கள், உள்ளே வெந்து போகும். ஹாலோஜன் பல்பை வெறும் விரலால் தொட்டால் கை எண்ணெய் ஒட்டி, அந்த இடம் அதிகமாகச் சுட்டுக் கண்ணாடி வெடிக்கலாம். சுத்தமான துணியால் பிடியுங்கள். பல்பைப் போடுவதற்கு முன் மோட்டாரை மட்டும் ஓட்டி, விசிறி சுற்றுகிறதா என்று கவனியுங்கள். விசிறி இல்லையேல் பல்பு இல்லை. ஓடும்போது மெஷினின் மேல்மூடி கொதிக்கும். தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில் உயரமான மேஜையில் வையுங்கள். வயர் தொங்க வேண்டாம்.

படம் திடீரென்று மேலும் கீழும் இழுபட்டு, 'தடதட'வென்று சத்தம் வந்தால் பயப்படாமல் நிறுத்துங்கள். கேட்டில் பிலிம் ஒவ்வொரு படமாக நின்று நின்று நகர்கிறது; பல்சக்கரமோ நிற்காமல் சுற்றுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே தளர்வாக ஒரு வளைவு கேட்டுக்கு மேலும் கீழும் இருக்க வேண்டும். அது இறுகிவிட்டால்தான் இந்த ஆட்டம். வளைவைத் திரும்ப விட்டால் சரியாகிவிடும். தானாகவே பிலிமை இழுத்துக்கொள்ளும் மெஷினாக இருந்தால், நுனி கசங்காமல் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்க வேண்டும். பலவற்றில் அதற்கென்றே சின்ன வெட்டுவான் இருக்கும்.

பிலிம் டின்னைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் அசிடேட் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி மற்ற ரீல்களையும் கெடுக்கும். உடனே தனியாக வையுங்கள். அப்படிப்பட்ட பிலிம் சுருங்கி, ஓட்டைகளின் இடைவெளி குறைந்திருக்கும். மெஷினில் போட்டால் கிழியும். அதைப் பல்லில்லாமல் உருளைகளால் மட்டும் இழுக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவர்களிடம் கொடுத்துப் பதிவு செய்துவிடுவதே நல்லது. தள்ளிப்போட வேண்டாம், கெடுவது நாளுக்கு நாள் வேகம் பிடிக்கும். வெள்ளையாய்ப் பூஞ்சைக் காளான் பிடித்திருந்தால் தண்ணீர் படக் கூடாது. படமே கரைந்து வரும். பாச்சை உருண்டை போடும் வழக்கமும் வேண்டாம். அதன் வாசனையில் வினிகர் நெடியே தெரியாமல் போய்விடும்.

இவ்வளவுக்கும் மேலே, தயவுசெய்து ரீல்களைத் திரும்பப் பரணில் ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலில் கூரைக்கு அடியில் எப்படிக் கொதிக்கும்! உள்ளறை பீரோவின் கீழ்த்தட்டில், ஈரம் படாமல், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைக்கலாம்.

ஒன்று சொல்ல மறந்தால் பாவம். இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் சத்தம் கிடையாது. யார் எவர் என்று சொல்லக்கூடியவர்கள் வீட்டில் பெரியவர்கள்தான். போட்டுக் காட்டும் அன்று அத்தையையோ பெரியம்மாவையோ மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, செல்போனில் அவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்கள். "இது கிணற்றடி, அது ராமு மாமா, அப்போ மீசை கிடையாது" என்று வரும் ஒவ்வொன்றையும் ஒரு காகிதத்தில் பென்சிலால் வருஷத்தோடு எழுதி, அந்தந்த டின்னிலேயே போட்டு மூடுங்கள்.