குரங்கும் முதலையும்: சிறார்க்குக் கதையுறுப்புக்களை உணர்த்தும் முறை

விலங்கும் பறவையும் உரையாடுவனவாகப் புனையும் கதை நம்மிடையே தொன்றுதொட்டு வழங்குவது. தொல்காப்பியர் செய்யுளியலில் உரைவகை நான்கினை எண்ணுமிடத்து, உலகியலோடு பொருந்தாப் பொய்ம்மொழியினையும் ஒன்றாக வைத்தார். அதனை விளக்கவந்த பேராசிரியர், யானையும் குருவியும் தம்முள் நட்புக் கொண்ட கதையை எடுத்துக்காட்டி, இத்தகையன ஒருவரிடம் ஒருவர் கற்று வழிவழியாக வருவன என்றனர். வழிவழி வருவதாயின், வாய்தோறும் சிறிது வேறுபடுதலும் இயல்பே. அவ்வேறுபாட்டையே பாடமாக்கிச் சிறார்க்குக் கதையின் உறுப்புக்களை உணர்த்தலாம் என்பது ஈண்டு யாம் கூறப்புகும் கருத்தாகும்.

இக்கருத்து எமக்குத் தோன்றியதற்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணமாயிற்று. தென்காசியில் இரண்டாம் வகுப்பிற் பயிலும் எம் உறவினர் மகள் ஒருத்தி, குரங்கும் முதலையும் பற்றிய கதையைத் தன் ஆச்சியிடம் கேட்டறிந்தவள். அக்கதையில் இரண்டற்கும் முன்னர் நட்பில்லை. அக்கரையில் மாம்பழம் உண்டென்று ஆசைகாட்டியே முதலை குரங்கை முதுகில் ஏற்றிற்று. வகுப்பிற் கூறப்பெற்றதோ, இரண்டும் நண்பர் என்னும் கதை. தான் அறிந்தவாறு விடை எழுதிய சிறுமிக்குப் பிழைக்குறியே கிடைத்தது. “மாமா, ஆச்சி சொன்ன கதை தப்பா?” என்று அவள் எம்மை வினவினாள்.

தப்பன்று. ஆச்சி கூறியது சாதகக் கதைத் தொகுதியின் 208ஆம் கதையாகிய சும்சுமார சாதகத்தை ஒத்தது. அதன்கண் குரங்கு கங்கைக் கரையில் வாழ்கின்றது. அதன் பருத்த உடலைக் கண்ட பெண்முதலைக்கு அதன் நெஞ்சத்தை உண்ணும் வேட்கை பிறக்கின்றது. ஆண்முதலை அக்கரைக் கனிகளைக் கூறிக் குரங்கை ஏமாற்றுகின்றது. நடுவாற்றில் உண்மையறிந்த குரங்கு, தன் நெஞ்சம் அத்திமரத்தில் தொங்குகின்றது எனக் கூறித் தப்புகின்றது. முதலை, ஆயிரம் காசு தோற்றவன் போல வருந்தி மீள்கின்றது.

சமண முனிவர் பூர்ணபத்திரர் 1199ஆம் ஆண்டில் இயற்றிய பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் இக்கதை வேறொரு நிலையில் நிற்கின்றது. இடம் கடற்கரை, மரம் நாவல். குரங்கு நாள்தோறும் கனி தந்து முதலையோடு நட்புப் பூண்கின்றது. தன் கணவன் ஒரு பெண்குரங்கோடு பழகுவதாகக் கருதிய முதலையின் மனைவி, அந்நண்பனின் நெஞ்சத்தைக் கேட்கின்றாள். நெஞ்சத்தை மரத்தில் வைத்துவந்ததாகக் கூறிக் குரங்கு தப்பும் செய்தி இரண்டற்கும் பொது. ஆயின் ஈண்டு முதலை இழந்தது ஓர் இரையை அன்று, ஒரு நட்பை. பெற்றதை இழத்தல் என்னும் பெயர் அத்தந்திரத்திற்கு அமைந்ததும் இதனோடு பொருந்துவதே. சாதகம் குரங்கின் கதை. பஞ்சதந்திரம் முதலையின் கதையுமாகும். இவ்விரண்டற்கும் ‘அறிவால் இடரை வெல்லலாம்’ என ஒரே நீதியை எழுதுவித்தல் பொருந்துமா என்பதை ஆசிரியர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இவ்வேறுபாட்டை விளக்க நம் இலக்கணத்திலேயே கருவி உண்டு. முதல், கரு, உரி என்னும் பாகுபாடு அகத்திணைச் செய்யுட்கு உரியதேனும், அதனை ஒப்புமையாற் கதைக்கும் கொள்ளலாம். கங்கையும் கடற்கரையும் முதற்பொருள் போல்வன. குரங்கு, முதலை, அத்தி, நாவல் ஆகியன கருப்பொருள் போல்வன. நட்பு, வஞ்சம், ஐயம், இழப்பு ஆகியன உரிப்பொருள் போல்வன. கரு எத்துணையோ மாறியும் கதை அழியாது நிற்றலைப் பிறநாட்டு வடிவங்களும் காட்டும். அரபு மொழிக் கலீலா வ திம்னாவில் முதலை ஆமையாயிற்று. கிழக்காப்பிரிக்கச் சுவாகிலிக் கதையில் அது சுறாவாயிற்று. 1145ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற சாம்குக் சாகி என்னும் கொரிய வரலாற்று நூலில், கடலரசன் மகளின் நோய்க்கு முயலின் ஈரலை நாடி ஆமை வருகின்றது. உரி மாறுமிடத்து மட்டும் கதை வேறாகின்றது.

இதனைச் சிறார்க்கு உணர்த்தும் நெறி எளியது. முதல் நாளில் ஒரு வடிவத்தையும் மறுநாளில் மற்றொன்றையும் வாய்மொழியாகக் கூறுக. தொடக்கத்தில் இரண்டே போதும். பின்னர்க் கரும்பலகையில் இரண்டு கட்டம் வரைந்து, எங்கே நிகழ்ந்தது, யார் யார் வந்தனர், முதலை ஏன் அவ்வாறு செய்தது, முடிவில் யார் எதை இழந்தார் என்னும் நான்கு வினாக்களுக்கும் அவர்களையே விடை கூறச் செய்க. இறுதியில் ஒவ்வோர் உறுப்பாக மாற்றி, ‘இஃது அதே கதையா, வேறு கதையா’ என வினவுக.

யாம் அச்சிறுமியோடு இதனைச் செய்து பார்த்தேம். குற்றாலத்தில் குரங்கைப் பன்முறை கண்டவள். முதலையைப் படத்திலன்றிக் காணாதவள். ஆதலின் கடற்கரையை அருவிக்கரையாக்கினேம். நாவற்பழத்தை, சாரற் பருவத்தில் அங்கு விற்கும் மங்குசுத்தான் பழமாக்கினேம். “அதே கதைதான்” என்றாள். பின்னர், ஆச்சியின் கதையிலும் அவ்விரண்டும் நண்பர்களாயிருந்தால் என்ன என்று கேட்டேம். சற்று எண்ணி, “அப்போ வேற கதை. இதுல முதலையும் பாவம், மாமா” என்றாள். உரிப்பொருள் என்னும் சொல்லை அறியாமலே அவள் அப்பொருளை அறிந்துகொண்டாள்.

பல வடிவங்களைக் கூறின் இளஞ்சிறார் மயங்குவர் என்று சிலர் கூறுதல் கூடும். ஒரு வடிவமே மெய், ஏனைய பிழை எனக் கற்பிக்குமிடத்தன்றோ மயக்கம் பிறக்கின்றது? சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைப் போற்றிக் குறிக்கும் நாம், ஒரு குழந்தை தன் இல்லத்திலிருந்து கொணரும் வேறுபாட்டைப் பிழையென அடித்துவிடுதல் முறையாகாது. ஆச்சியின் கதையும் ஒரு பாடமே. அதனை வகுப்பில் கேட்டு வாங்கிப் பாடநூற் கதையின் அருகில் வைத்துப் பயிற்றுதல் ஆசிரியர் கடமை என்பது எம் துணிபு.