ரெண்டே நாளில் மூட்டுவலி போச்சா? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வானொலியில் உடல்நல நிகழ்ச்சி என்றாலே எனக்கு அதிகம் வருவது மூட்டுவலிக் கேள்விகள்தான். கிள்ளானிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, பசார் மாலாமில் மூலிகை கேப்சூல் வாங்கினேன். ரெண்டே நாளில் வலி போச்சு. எல்லாம் வேரும் இலையும்தானாம், மருந்தே கலக்கலையாம். தொடர்ந்து சாப்பிடலாமா?"

அந்த 'ரெண்டே நாள்'தான் என்னை உறுத்தியது.

மூலிகைக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நாட்டு மருந்துச் சாமான் விற்கும் கடைக்குள் போய்ப் பாருங்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, மஞ்சள், நிலவேம்பு எல்லாம் இருக்கும். நிலவேம்பை மலாய்க்காரர்கள் 'ஹெம்பெடு பூமி' என்கிறார்கள், பூமியின் பித்தம் என்று பொருள். ஒருமுறை குடித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்தக் கசப்பில் இருக்கும் ஆண்ட்ரோகிராபோலைட், வீக்கத்தைத் தூண்டும் வேதிச் சமிக்ஞைகளை அடக்குவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். கொரிய நாடகம் பார்த்துவிட்டு நம் இளசுகள் தேடி வாங்கும் ஜின்செங்கிலும் ஜின்செனோசைடு என்ற சத்துகள் உண்டு. நம் முடக்கத்தானுக்கோ பெயரே சிபாரிசுக் கடிதம்: முடக்கு அறுத்தான்!

ஆனால் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டு வேறு, நம் முழங்கால் வேறு. மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளில் கர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம் தேறும். மூட்டுவலி ஆய்வுகளில் கொடுப்பதோ பெரும்பாலும் நாளுக்கு 1,000 மில்லிகிராம் அளவில். போதாக்குறைக்கு, கர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குச் சரியாக ஏறுவதில்லை. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் கர்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்காக உயர்ந்தது. மஞ்சள் பாலில் மிளகைத் தட்டிப் போட்ட பாட்டிகள் இதைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டக்கூடியது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், மஞ்சள்-மிளகு கேப்சூல் பக்கம் போகும்முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு முழங்கால் வலிக்குக் கிடைக்கும் நிவாரணம் மிதமானது, அதுவும் வாரக்கணக்கில் சாப்பிட்ட பிறகு. அப்படியானால் ரெண்டே நாளில் வலியைத் துரத்தும் 'மூலிகை' எது?

பல சமயம் அது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வலி நிவாரணி என்று விற்கப்பட்ட பாரம்பரியப் பொருள்களில் இது கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. நம் அட்ரீனல் சுரப்பி தரும் கார்டிசோலைவிட இது சுமார் 25 மடங்கு வலுவானது. மருத்துவர் கையில் இது உயிர் காக்கும். ஆனால் சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் மாதக்கணக்கில் போனால் முகம் நிலா மாதிரி உப்பும், எலும்பு தேயும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். 2019 தேசிய ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களிடம் மட்டும் அது 31.4. கண்ணுக்குத் தெரியாத ஸ்டீராய்டு போய் விழும் இடம் இதுதான்.

இன்னொரு வம்பும் உண்டு. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். இதைப் படித்துப் பயந்துபோய் கேப்சூலைச் சட்டென்று விட்டுவிட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம். டப்பாவோடு அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பதிவு எண். 'எம்.ஏ.எல்' என்று தொடங்கி, எட்டு இலக்கங்கள் வந்து, பாரம்பரிய மருந்தென்றால் 'டி' எழுத்தில் முடியும். கூடவே ஹோலோகிராம் ஒட்டுவில்லை இருக்க வேண்டும். எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் தட்டினால் பொருளின் பெயர் வரும். டப்பாவிலுள்ள பெயரோடு அது ஒத்துப்போகிறதா பாருங்கள், ஏனென்றால் போலி எண் அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள். பதிவான பொருளிலேயே கலப்படம் பிடிபட்டு, பதிவு ரத்தானதும் உண்டு. அதனால் எண் சரியாக இருந்தாலும் 'ரெண்டே நாள்' அதிசயம் நடந்தால் சந்தேகப்படுங்கள்.

அந்த அம்மாவிடம் டப்பாவில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டேன். எண்ணே இல்லை, மலையும் அருவியும் படம் போட்டிருக்கிறது என்றார். தூக்கிப் போட வேண்டாம், அப்படியே கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள் என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்க வேண்டுமானால் மிச்சமுள்ள கேப்சூல் வேண்டுமே.