பெங்களூருக்குப் பறக்க ஏன் ஒரு மணி நேரம்?

ஆவடி, அம்பத்தூர்த் தம்பி தங்கைகளே, பெங்களூர் ரயில்கள் உங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. சென்ட்ரலிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக வளைந்து செல்லும் அந்தத் தண்டவாளத்தின் நீளம் சுமார் 360 கி.மீ. வந்தே பாரத் ரயிலுக்கே நாலரை மணி நேரம் போல ஆகிறது.

வானத்தில் ஏரியும் மலையும் குறுக்கே நிற்பதில்லை. மீனம்பாக்கத்திலிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 270 கி.மீ.தான். ஜெட் விமானமோ மணிக்கு 800 கி.மீ.க்கு மேல் பறக்கும். வகுத்துப் பாருங்கள், 20 நிமிடம்தான் வரும். ஆனால் விமான அட்டவணையில் ஒரு மணி நேரம் போட்டிருக்கும். மீதி 40 நிமிடம் எங்கே போகிறது?

நின்ற இடத்தை விட்டு விமானம் நகர்ந்த உடனேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதை வரை மெல்ல உருள வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். அடுத்தது காற்று. எதிர்க்காற்று இறக்கையைத் தூக்கிவிடும் என்பதால், விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும். பிற்பகலில் கடற்காற்று வீசும்போது, மேற்கே உள்ள பெங்களூருக்குப் போகும் விமானமும் கிழக்கே கடலைப் பார்த்துக் கிளம்பி, பிறகுதான் திரும்பும்! தாழ்வாகப் பறக்கும்போது வேகத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு: 10,000 அடிக்குக் கீழே மணிக்குச் சுமார் 460 கி.மீ. முழு வேகம் பிடித்துக் கொஞ்ச நேரம் ஆவதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியதுதான். இறங்கும் இடத்திலும் வரிசை இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருவோம். சென்னையிலிருந்து டெல்லி, வான்வழியில் சுமார் 1,760 கி.மீ. பயண நேரம் ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம். தூரம் பெங்களூரைப் போல ஆறரை மடங்கு. நேரமோ மூன்று மடங்குகூட இல்லை. உருளுவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் இரண்டு பயணத்துக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அந்தச் செலவு அடிபட்டுப் போகும். கூடுதல் தூரம் 1,490 கி.மீ.; கூடுதல் நேரம் 105 நிமிடம். வகுத்தால் மணிக்குச் சுமார் 850 கி.மீ. உயரத்தில் விமானம் பறக்கும் உண்மையான வேகம் ஏறக்குறைய இதுதான்! விமானி அறைக்குள் எட்டிப் பார்க்காமலே, இரண்டு பயணச்சீட்டுகளை வைத்துக் கண்டுபிடித்துவிட்டோம்.

பூந்தமல்லியில் மொட்டை மாடியில் நின்று விமானம் பார்ப்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சென்னையிலிருந்து கொல்கத்தா வான்வழியில் சுமார் 1,380 கி.மீ. மேலே சொன்ன 40 நிமிடத்தையும் 850 கி.மீ. வேகத்தையும் வைத்துப் பயண நேரத்தைக் கணக்கிடுங்கள். பிறகு அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு, விமான அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.