கடற்கரை மணலும் மோட்டார் வண்டியும்

சங்கக் கிடங்கில் உள்ள நூல் எல்லா அங்கத்தினர்களுக்கும் உரியது. ஆயினும் எந்த அங்கத்தினரும் நினைத்த வேளையில் பூட்டைத் திறந்து ஒரு சிப்பத்தைத் தூக்கிச் செல்வதில்லை. பொதுப்பொருளுக்கு ஒரு முறை வேண்டும். அம்முறையை அதற்கு உரியவர்களே கூடி வகுக்க வேண்டும். கூட்டுறவின் பாலபாடம் இதுவே. இப்பாடத்தைக் கடற்கரை மணலுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

சாலையை விட்டு விலகி, மணலிலும் மேட்டிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டி மகிழ்வது உலகின் பல நாடுகளில் ஒரு விளையாட்டாகப் பரவியுள்ளது. பொது நிலத்தில் அதற்கு வழி விடுவதா, வழியை அடைப்பதா என்பது பெரும் வழக்காகவும் ஆகியிருக்கிறது. நம் நாட்டிலேயே கேரளத்தின் முழப்பிலங்காடு கடற்கரையில் வண்டி ஓட்டலாம்; கோவாக் கடற்கரைகளில் ஓட்டுவது குற்றம். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை எனக் கடலை ஒட்டிய ஊர்கள் பல உள்ள நம் மாவட்டத்தாரும் இதைச் சிந்திக்க வேண்டியவர்களே.

விவசாயிக்கும் நெசவாளருக்கும் இதில் என்ன அக்கறை என்று சிலர் வினவலாம். கரையோர மணல்மேடு மழைநீரை உள்வாங்கித் தேக்கி வைக்கிறது. உப்புநீருக்கு மேலே நிற்கும் அந்த நன்னீரை நம்பியே கரையோரத்தில் மணிலாவும் சவுக்கும் முந்திரியும் பயிராகின்றன. மேட்டைக் கட்டிக் காப்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். வண்டிச் சக்கரம் பலமுறை ஏறி இறங்கினால் அவை நசுங்கி மடியும், பிறகு காற்று மணலை வாரிச் செல்லும், மேடு பள்ளமாகும். குழித்தறியில் வெள்ளம் புகுந்தால் பாவு பாழாவதை நெசவாளர் அறிவர். கடல்நீர் புகுந்த வயலின் கதியும் அதுவே.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பின், பரங்கிப்பேட்டைப் பகுதியிலுள்ள 18 குப்பங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ந்தனர். கரையோர மரங்கள் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று 2005-இல் எழுதினர். மரங்களைவிட ஊர் நிற்கும் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே முக்கியம் என்று வேறு அறிஞர்கள் 2006-இல் மறுத்துரைத்தனர். மரமே காத்தது எனினும், உயரமே காத்தது எனினும், மணல்மேட்டை அழிப்பது அறிவுடைமை ஆகாது.

பங்குனி ஆமை நம் கரையில் ஏறி முட்டையிடும் காலம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேலும் இருக்கும். குஞ்சு வெளிவர 45 முதல் 60 நாட்கள் ஆகும். சக்கரத் தடத்தில் விழுந்த குஞ்சு கடலைச் சேர்வது அரிது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமையைக் காக்கிறது. 2019 ஜனவரி 18-ஆம் நாள் வெளியான கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் முதல் வகைப் பாதுகாப்பில் வைத்துள்ளது.

ஆனால் எல்லா வண்டிகளையும் எந்நாளும் தடுத்தால் துன்புறுவோர் யார்? விளையாட்டுக்கு வருவோர் வேறிடம் தேடிக் கொள்வர். மீன்பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிச் சந்தைக்கு விரையும் மீனவரும், சவுக்குக் கட்டை ஏற்ற வண்டி தேவைப்படும் விவசாயியுமே வழியிழப்பர்.

இதே சிக்கலை அமெரிக்கா சந்தித்திருக்கிறது. 1972-இல் ஜனாதிபதி நிக்ஸன், பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் செல்லத்தக்க இடம் எது, தகாத இடம் எது எனப் பிரித்துக் குறிக்க ஆணையிட்டார். வட கரோலினாவின் ஹட்டெராஸ் முனைக் கடற்கரை பற்றி 2007-இல் வழக்கு எழுந்தது. 2012-இல் விதிகள் வந்தன: சில பகுதிகள் ஆண்டு முழுவதும் திறப்பு, சில பகுதிகள் பருவத்தை ஒட்டி அடைப்பு, சில பகுதிகள் நடப்போருக்கு மட்டும், ஆமை முட்டையிடும் காலத்தில் இரவு ஓட்டத்திற்குத் தடை, ஓட்டுவோருக்கு அனுமதிச் சீட்டு. பிழைப்புக் கெடுகிறது என்று உள்ளூரார் முறையிட்டதன் பேரில், அவ்விதிகளைத் திரும்பப் பார்க்கும்படி 2014-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் சட்டமியற்றியது. மறு ஆண்டு பறவை, ஆமைக் கூடுகளைச் சுற்றி அடைக்கும் தூரம் குறைக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று: முழுத் திறப்பும் வேண்டா, முழு அடைப்பும் வேண்டா, இடம், பருவம், நேரம் ஆகிய மூன்றையும் அளந்து விதி செய்ய வேண்டும். மணல்மேட்டின்மீது எவ்வண்டியும் ஏறலாகாது. தொழிலுக்குரிய தடங்களைக் கல் நட்டுக் குறித்து, அவற்றை உழைப்பவருக்குத் திறந்து வைக்க வேண்டும். ஆமைப் பருவத்து இரவுகளில் கரை அமைதியாக இருக்க வேண்டும்.

விதி மேலிருந்து வரும்வரை காத்திருந்து, வந்தபின் முறையிடுவது நம் வழக்கமாகி விட்டது. ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. கரையோர ஊர்களில் உள்ள நம் அங்கத்தினர்கள் மீனவச் சங்கத்தாரையும் உடனழைத்துச் சென்று, எந்தத் தடம் வேண்டும், எந்த மேட்டைக் காக்க வேண்டும் என்பதை வரைபடத்துடன் தீர்மானமாக எழுதி வைப்பாராக. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது பழமொழி. மணலைக் காப்பது அக்கொடி. அக்கொடியைக் காக்கத் திரள வேண்டியவர்கள் நாம்.