உஷார்! ஜாக்கி கணக்கைக் காட்டிச் சம்பளத்தைப் பறிக்கிறார்கள்

சம்பளம் ஏறிய அன்றே கைப்பேசிக்கு ஓர் அட்டவணை வருகிறதா? "இந்த ஜாக்கி 100க்கு 20 ஜெயிக்கிறார். இந்த டிரெய்னரோடு சேர்ந்தால் இன்னும் கூடுதல். இன்று ஏறுவது 40க்கு 1 குதிரை. 50 வெள்ளி கட்டு, 2,000 வரும்!"

கட்டாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

ஸ்கூடாயில் ஒரு லாரி ஓட்டுநர். முன்பெல்லாம் பாலம் தாண்டி சிங்கப்பூர் கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போவார். கையில் இருந்த காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. அதன்பிறகுதான் வினை. டெலிகிராம் குழு ஒன்று, கடனுக்கே பந்தயம் வாங்கும் புக்கி ஒருவன். ஆரம்பத்தில் ஒரு குதிரை வந்தும் விட்டது! அப்புறம் சீட்டுப் பணம் போனது. மனைவியின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போனது. கடைசியில் ஆலோங் என்ற கந்துவட்டிக்காரன். இப்போது வாசல் கேட்டில் சிவப்புச் சாயம்; பள்ளிக்கூடப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள்.

அட்டவணையில் வந்த அந்த 20 சதவீதம் பொய்யில்லை. ஆபத்தே அங்கேதான்! பேர்போன ஜாக்கிக்கு நல்ல குதிரைகள் கிடைக்கும். அவர் வெற்றிகளில் பெரும்பகுதி எல்லாரும் எதிர்பார்த்த குதிரைகளில் வந்தவை. அந்தச் சதவீதம் அவரோடு சேர்ந்து 40க்கு 1 குதிரைமேல் ஏறி உட்காராது. அதோடு, உங்களுக்கு வந்த கணக்கு ஊருக்கே தெரிந்த கணக்கு. பணம் கட்டுகிறவர்கள் அதையெல்லாம் பார்த்துக் கட்டுவதை வைத்துத்தான் குதிரையின் விலையே நிற்கிறது.

1949இலேயே கிரிஃபித் என்ற அமெரிக்க உளவியலாளர் பந்தய முடிவுகளை அலசிப் பார்த்தார். வெல்லும் வாய்ப்பு குறைந்த குதிரைகள்மீது மக்கள் அளவுக்கு மீறிக் கட்டுகிறார்கள் என்று தெரிந்தது. அதாவது, அந்தப் பெரிய தொகையும் நியாயமாகக் கிடைக்க வேண்டியதைவிடக் குறைவு.

இன்னொன்று. 100க்கு 5 முறை உண்மையாகவே வெல்லக்கூடிய குதிரைகளாகப் பொறுக்கினாலும், 20 ஓட்டத்தில் ஒன்றுகூட வராமல் போக 36 சதவீத வாய்ப்பு. மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கை! அதற்குள் கடன் எவ்வளவு ஏறியிருக்கும்?

இதெல்லாம் கண்ணில் பட்டால் உஷார்! எத்தனை ஓட்டம் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் காட்டுவார்கள். நாலு முறை ஓடி இரண்டு ஜெயித்தாலும் "50 சதவீதக் கூட்டணி"தான். மூடிப்போன கிராஞ்சியின் பழைய கணக்கை வேறு திடல் ஓட்டத்துக்கு ஒட்டுவார்கள். தோற்ற டிப்ஸ் மறுநாள் குழுவில் அழிந்திருக்கும். "இப்போ கட்டு, அடுத்த வாரம் கொடு" என்றால் உடனே வெளியேறுங்கள்.

மலேசியாவின் 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி திருட்டு புக்கி மட்டுமல்ல, அவனிடம் கட்டுகிறவரும் குற்றவாளி. ஏமாந்தவர் வாய் திறக்காததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அம்மாமார்களே, தங்கச்சிகளே, வீட்டில் அடகுச் சீட்டு கண்ணில் பட்டால், சனி ஞாயிறு மத்தியானம் மட்டும் வீட்டு ஆண் கைப்பேசியோடு வெளியே போய் நின்றால், சும்மா இருக்காதீர்கள். கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஆலோங் மிரட்டல் வந்துவிட்டால் இன்னொரு ஆலோங்கிடம் வாங்கி அடைக்காதீர்கள். மிரட்டல் செய்தியை அழிக்காமல் எடுத்துக்கொண்டு அன்றே போலீசுக்குப் போங்கள்.