வெள்ளத்தில் மிஞ்சியவர்கள்

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். கிரேக்கப் புராணத்துப் பெருவெள்ளத்தில் பிழைத்தவர்கள் யார் என்று கேட்டால், டியூகாலியன், அவன் மனைவி பிர்ரா என்று இரண்டு பெயரைச் சொல்வார்கள். பாதிக் கதைதான் அது.

முதலில் அந்த இருவரைப் பார்ப்போம். மனித குலத்தை வெள்ளத்தால் அழிக்க, தேவர்களின் தலைவர் சீயஸ் முடிவெடுக்கிறார். மனிதனுக்கு நெருப்பைத் திருடித் தந்த புரோமிதியஸ், தன் மகன் டியூகாலியனுக்கு முன்கூட்டியே யோசனை சொல்கிறான். டியூகாலியன் பெரிய பெட்டி ஒன்றைச் செய்து, வேண்டியதை நிரப்பி, பண்டோராவின் மகளான பிர்ராவோடு ஏறிக்கொள்கிறான். ஒன்பது நாள் இரவுபகலாக மிதந்து பர்னாசஸ் மலையில் ஒதுங்குகிறார்கள். என்ன வரம் வேண்டும் என்று சீயஸ் கேட்டனுப்ப, டியூகாலியன் கேட்டது மனிதர்களை. இருவரும் தலைக்கு மேலாகக் கற்களை எறிகிறார்கள். அவன் எறிந்தவை ஆண்களாயின, அவள் எறிந்தவை பெண்களாயின.

ரோமக் கவி ஓவிட் இந்த இடத்தில் நின்று நிதானிக்கிறார். ‘பெரிய தாயின் எலும்புகளைப் பின்னால் எறியுங்கள்’ என்கிறது தெய்வ வாக்கு. தாயின் எலும்பைத் தொடுவதா என்று பிர்ரா நடுங்குகிறாள். பூமிதான் தாய், கற்களே எலும்புகள் என்று பிறகு புரிகிறது.

இனி மறுபாதி. இந்தப் பெட்டிக் கதையைச் சொல்லும், அப்போலோடோரஸ் பெயரில் வழங்கும் புராணத் தொகுப்பிலேயே, உயர்ந்த மலைகளுக்கு ஓடிய சிலரும் பிழைத்தார்கள் என்று இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய பாசனியாஸ் அந்தச் சிலரின் கதைகளைக் கேட்டு எழுதிவைத்தார். மெகாரா ஊரில், சீயஸின் மகன் மெகாரஸ் கொக்குகளின் குரலைப் பின்தொடர்ந்து நீந்தி ஜெரேனியா மலையில் ஏறினான் என்றார்கள். பர்னாசஸ் பக்கத்தில், ஓநாய்களின் ஊளை வழிகாட்ட உச்சிக்குப் போனவர்கள் லைகோரியா என்ற ஊரைக் கட்டினார்கள் என்றார்கள். ஏதென்ஸில் வெள்ளம் வடிந்த இடம் என்று ஒரு முழ அகல நிலவெடிப்பைக் காட்டினார்கள். ஆண்டுதோறும் அதில் தேன் கலந்த கோதுமை மாவைப் போட்டுவந்தார்கள்.

பிழைத்தவர்கள் ஏன் இத்தனை பேர்? டியூகாலியனின் மகன் ஹெலன் வழியாக எல்லாக் கிரேக்கரும் ஒரே குலம் என்று பெருங்கதை சொல்கிறது. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும், ‘எங்கள் முன்னோர் வெள்ளத்துக்கு முன்பிருந்தே இங்கேதான் இருந்தார்கள்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. மண்ணின் மீதான அந்த உரிமையைத்தான், பிழைத்தவர் கதைகள் பத்திரமாகக் காத்துவந்தன.