கண்ணாடியைக் கழற்றிய கேமரா!

'மிர்ரர்லெஸ்' கேமராவில் எந்தக் கண்ணாடி இல்லை என்கிறீர்களா? எஸ்.எல்.ஆர். கேமராவின் வயிற்றுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி உண்டு. லென்ஸ் வழியே வரும் காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புவது அதன் உத்தியோகம். க்ளிக் செய்தால் 'சடக்'கென்று எழுந்து வழிவிடும். அந்த ஆசாமிக்கு 'வி.ஆர்.எஸ்.' கொடுத்துவிட்டால் கேமராவின் தொப்பை குறைந்துவிடும்!

2008-ல் ஒலிம்பஸும் பானசானிக்கும் கூட்டாக அறிவித்த 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' இந்த ரகம். சென்சார், பழைய 35 எம்.எம். ஃபிலிமில் ஏறக்குறைய கால் பங்குதான். அதனால் லென்ஸும் சின்னது, தோள்பட்டை வலியும் சின்னது.

என்னிடம் இருப்பது செகண்ட்ஹேண்ட் ஒலிம்பஸ். உலகம் சுற்றி எழுதிய சோமலெயின் ஊரான நெற்குப்பையில், நண்பர் வீட்டைப் படம் பிடிக்க அதைத்தான் கொண்டுபோனேன். முற்றத்தில் வெயில் கொளுத்துகிறது. பத்தடி தள்ளி அறைக்குள் கும்மிருட்டு. ஸ்டாண்டை விரித்தால் ஆத்தங்குடித் தரையில் கீறல் விழுமோ என்று பயம். நல்லவேளை, கை நடுங்கினால் அதை ஈடுகட்ட இந்தக் கேமராவின் சென்சாரே நகர்ந்து கொடுக்கும். கால் செகண்டு படத்தைக் கையில் பிடித்தே எடுத்தேன்.

வீட்டு ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, இம்புட்டூண்டு இருக்கு... படம் விழுமா?"

"நல்லா விழும் ஆச்சி."

"சரி, ரிப்பேருன்னா சாமான் கெடைக்குமா?"

கொண்டுவிற்ற பரம்பரையல்லவா, சரியான இடத்தில் கை வைத்தார்!

பி.காம். படித்த எனக்கும் அதே கவலைதான். 'நிக்கான் 1' 2011-ல் வந்தது. 2018-ல் கதை முடிந்தது. சாம்சங்கின் என்.எக்ஸ். போயே போச்சு. ஒலிம்பஸே கேமரா தொழிலைக் கைகழுவ, 2021 ஜனவரியில் அது 'ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்' என்ற புதுக் கம்பெனியிடம் போனது. பானசானிக்கோ 2019 முதல் ஃபுல் ஃபிரேம் படகிலும் ஒரு கால் வைத்திருக்கிறது. கீழேயிருந்து செல்போன் கடிக்கிறது; மேலேயிருந்து ஃபுல் ஃபிரேம் மிதிக்கிறது.

ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். பற்றுப் பக்கம்: இருட்டில் புள்ளி தட்டும், பின்னணி அவ்வளவாக மங்காது. வரவுப் பக்கம்: இரண்டு கம்பெனிக்கும் ஒரே லென்ஸ் வாய். ஒருவர் கடையைக் கட்டினாலும் அடுத்தவர் பாடியில் நம் லென்ஸ் உட்காரும். 2022-ல் ஓ.எம்-1, 2023-ல் பானசானிக் ஜி9 மார்க் 2 வந்தன. ஆகவே மூச்சு இருக்கிறது.

ஆனால், செட்டிநாட்டு வீடுகளுக்கு? காரைக்குடி பழைய சாமான் கடைகளில் தூண் தனியாக, கதவு தனியாக, நிலை தனியாக விலைக்கு நிற்கின்றன. கேமரா கம்பெனி பத்து வருஷம் தாங்குமா என்று நாம் விவாதித்து முடிப்பதற்குள் வீடு லாரி ஏறிவிடும்.

எனவே அடியேன் சிபாரிசு: கடன் வாங்கி லென்ஸ் சேர்க்காதீர்கள். கையில் இருப்பதைக் கொண்டு இந்த ஞாயிறே உங்கள் பூர்வீக வீட்டை எடுங்கள். நாலு படமாவது பிரிண்ட் போட்டு வையுங்கள். கம்பெனி மூடினாலும் அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் தேவைப்படாது!